கத்தரிக்கோல் பிடிச்ச ஓவியர்

பிக்காசோ பேரைக் கேள்விப்படாதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டாங்க. அதே காலத்துல அவருக்குச் சரிசமமா நின்ன இன்னொருத்தர் ஹென்றி மத்தீஸ். போட்ட ப்ளான் சொதப்பும்போதெல்லாம் இந்த மனுஷன் என்ன பண்ணினார்னு பார்த்தா, ப்ராஜெக்ட் பண்ற நமக்கு அதுல நிறைய விஷயம் இருக்கு.

1869 டிசம்பர் 31-ல வடக்கு பிரான்ஸ்ல பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. பையன் சட்டம் படிச்சு, ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவும் ஆயாச்சு. லைஃப் செட்டில்னு வீட்டுல நினைச்சிருப்பாங்க. இருபது வயசு வாக்குல குடல்வால் நோய் வந்து, மாசக்கணக்குல படுக்கை. பொழுது போகட்டும்னு அம்மா ஒரு பெயின்ட் பெட்டி வாங்கிக் கொடுத்தாங்க. உடம்பு தேறினதும் வேலைக்குத் திரும்பினார், மனசு திரும்பல. 1891-ல ஓவியம் படிக்க பாரிஸுக்குக் கிளம்பிட்டார். 1905-ல பாரிஸ் கண்காட்சியில அவரும் நண்பர்களும் வெச்ச படங்களோட நிறங்களைப் பார்த்துட்டு, விமர்சகர்கள் அவங்களுக்கு வெச்ச பேர் காட்டு மிருகங்கள். அந்தப் பேரே அப்புறம் ஒரு ஓவிய இயக்கத்தோட பேராச்சு.

அறுபது வயசைத் தாண்டினப்போ ஒரு பெரிய வேலை வந்தது. அமெரிக்காவுல பிலடெல்ஃபியா பக்கத்துல ஆல்பர்ட் பார்ன்ஸ்ங்கிறவரோட கலைக்கூடம். அங்க ஜன்னல்களுக்கு மேல இருக்கிற மூணு வளைவுகளை நிறைக்கிற மாதிரி ஒரு ஓவியம் வேணும்னு கேட்டார். அகலம் சுமார் 13 மீட்டர். நீஸ் நகரத்துல இதுக்காகவே ஒரு பெரிய இடத்தை வாடகைக்கு எடுத்து, நீளமான மூங்கில் குச்சி நுனியில கரியைக் கட்டி வரைஞ்சார். நடனமாடற உருவங்கள். ஆனா ஒரு காலைக் கொஞ்சம் நகர்த்தணும்னாலும் எல்லாத்தையும் அழிச்சுத் திரும்ப வரையணும். அதனால பேப்பர்ல வண்ணம் அடிச்சு, உருவங்களை வெட்டி, துணி மேல ஊசியால குத்தி வெச்சுட்டார். பிடிக்கலையா, எடுத்து நகர்த்து! இன்னைக்கு நாம மவுஸ்ல இழுத்து விடற மாதிரிதான்.

1932-ல குண்டு விழுந்தது. அளவே தப்பு! வளைவுகளுக்கு நடுவுல இறங்கி வர்ற சுவர்ப்பகுதியோட அகலம் தப்பாக் கணக்காகியிருந்தது. ஓரத்துல கொஞ்சம் இழுத்து, வெட்டி ஒப்பேத்தியிருக்கலாம். அப்படிச் செஞ்சா உருவங்களுக்கும் சுவருக்கும் இருக்கிற பொருத்தம் போயிடும்னு, அதை அப்படியே வெச்சுட்டு முதல்லேர்ந்து புதுசா ஆரம்பிச்சார். 1933 மே மாசம் புது ஓவியம் சுவர்ல ஏறிச்சு. தப்பான அளவுல இருந்தது இப்போ பாரிஸ்ல ஒரு மியூசியத்துல தொங்குது.

சுவர்ல ஏறினது முழுக்க பெயின்ட். பேப்பர் வெட்டினது வேலையை முடிக்கக் கண்டுபிடிச்ச ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான்.

1941-ல வயித்துல புற்றுநோய். லியோன் நகரத்துல ஆபரேஷன். பிழைச்சதே பெரிசு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் நின்னு வரைய முடியல. கட்டில், சக்கர நாற்காலின்னு ஆகிடுச்சு. எழுபத்தொரு வயசு, உலகப்புகழ் வேற. இதோட போதும்னு உட்கார்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

அவர் அந்தப் பழைய குறுக்கு வழியைக் கையில எடுத்தார். உதவியாளர்கள் பேப்பர்ல வண்ணம் பூசிக் கொடுப்பாங்க, உட்கார்ந்த இடத்துலயே கத்தரிக்கோலால வெட்டுவார். எது எங்க வரணும்னு சொல்லச் சொல்ல அவங்க சுவர்ல குத்துவாங்க. முன்னெல்லாம் கோடு போட்டு, அப்புறம் நிறம் நிரப்பணும். இப்போ நிறத்துக்குள்ளேயே கோடு வெட்டறார். ரெண்டும் ஒரே வேலை ஆகிடுச்சு. 1947-ல இப்படி வெட்டின படங்களை வெச்சு 'ஜாஸ்'னு ஒரு புத்தகம் வந்தது.

சொதப்பல்கள் அப்பவும் நிக்கல. வான்ஸ் ஊர்ல ஒரு சின்ன தேவாலயத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் டிசைன் பண்ணினார். ஒரு டிசைன் முழுசா முடிஞ்ச பிறகுதான், கண்ணாடித் துண்டுகளை இணைக்கிற ஈயப் பட்டைக்கு இடமே விடலைன்னு தெரிஞ்சது. மறுபடி புது டிசைன். 1951-ல தேவாலயம் திறந்தாச்சு. 1952 கோடையில டைவ் அடிக்கிறவங்களைப் பார்க்கணும்னு கான் நகரத்து நீச்சல்குளத்துக்குப் போனார். வெயில் தாங்கல. வீட்டுக்குத் திரும்பி, சாப்பாட்டு அறைச் சுவரைச் சுத்தி நீல நிறத்துல நீந்தற உருவங்களை வெட்டி ஒட்டவெச்சு, தனக்குன்னு ஒரு குளமே உண்டாக்கிட்டார். அப்போ வயசு எண்பத்திரண்டு. 1954 நவம்பர் 3-ல நீஸ்ல இறந்தார்.

வளைஞ்சு கொடுக்கிறதுன்னா எதுக்கும் சரின்னு தலையாட்டறதுன்னு நாம நினைக்கிறோம். மத்தீஸ் அளவு தப்பானப்போ ஒப்பேத்த ஒத்துக்கல. முடிச்ச வேலையையே தள்ளி வெச்சார். தூரிகை, நின்னு வரையறது, கையில இருந்த டிசைன் எல்லாத்தையும் விட்டார். நிறத்தையும் கோட்டையும் மட்டும் கடைசி வரைக்கும் விடல.

பத்து வருஷம் முன்னாடி அவசரத்துக்குக் கண்டுபிடிச்ச வழிதான் கடைசி காலத்துல அவருக்குக் கை கொடுத்தது. அதனால அடுத்த ரிவியூவுல உங்க மாடல் ஊத்திக்கிச்சுன்னா, சமாளிக்க ராத்திரியோட ராத்திரியா ஒண்ணு பண்ணுவீங்க இல்ல, அந்த ஃபோல்டரை டெலீட் பண்ணிடாதீங்க.