சிலிக்கான் சில்லும் ராபர்ட் நாய்ஸும்

கணினியாயினும் கைபேசியாயினும் அதன் உள்ளே நகத்தளவான சிலிக்கான் சில்லுகள் இருப்பதை நாம் அறிவோம். அச்சில்லை உலகிற்கு அளித்தோருள் ஒருவர் ராபர்ட் நாய்ஸ். கண்டுபிடித்ததோடு அவர் வேலை முடியவில்லை. அதைப் பழுதின்றி, மலிவாக, கோடிக்கணக்கில் செய்வதே வாழ்நாள் முழுவதும் அவருக்குப் பெரும்பாடாயிற்று.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1927ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நாய்ஸ் பிறந்தார். தந்தையார் ஒரு புராட்டஸ்டண்டு சபையின் போதகர். போதகர் மகனாயினும் குறும்புக்குக் குறைவில்லை! கிரின்னல் கல்லூரியில் படிக்கையில், விடுதி விருந்துக்காக நண்பர் ஒருவருடன் சேர்ந்து பக்கத்துப் பண்ணையில் ஒரு பன்றியைத் திருடிவிட்டார். பின்பு மனம் உறுத்தவே, தாமே சென்று உண்மையைக் கூறி விலை கொடுக்க முன்வந்தார். ஆயினும் கல்லூரி அவரை ஒரு பருவம் விலக்கி வைத்தது. திரும்பி வந்தவருக்குப் பேராசிரியர் கிராண்ட் கேல் டிரான்சிஸ்டர் என்னும் புதுமையைக் கற்பித்தார். அதுவே அவருடைய பாதையாயிற்று. 1953இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1957இல் நாய்ஸும் நண்பர் எழுவரும் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினர். பல உறுப்புகளை ஒரே சில்லில் அமைக்கும் வழியை 1959இல் நாய்ஸ் கண்டார். முந்திய ஆண்டே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி வேறொரு வழியில் அதைச் செய்து காட்டியிருந்தார். இரு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. எனினும் தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்ய ஏற்றது நாய்ஸின் வழியே.

ஆனால் விலை மிகுதியால் வாங்குவோர் தயங்கினர். 1960களின் நடுவில் நாய்ஸ் துணிந்து, அடக்க விலைக்கும் குறைவாகச் சில்லுகளை விற்றார். விற்பனை பெருகினால் செய்கூலி குறையும் என்பது அவர் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. போட்டியாளர்களும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

1968இல் கார்டன் மூருடன் சேர்ந்து இன்டெல் நிறுவனத்தை அமைத்தார். 1970இல் நினைவகச் சில்லும் 1971இல் நுண்செயலியும் அங்கிருந்து விற்பனைக்கு வந்தன. வட்டமான சிலிக்கான் தகடு ஒன்றில் பல சில்லுகளைச் சேர்த்தே செய்கிறார்கள். ஒரு தூசி விழுந்தாலும் அந்த இடத்துச் சில்லு பாழ். ஓர் ஈடு இட்லியில் பாதி வேகாமற்போனால் மாவும் விறகும் வீண்தானே? தகட்டுக்கு எத்தனை தேறுகிறது என்பதே இத்தொழிலில் இலாபமும் நட்டமும்.

இங்கேதான் ஜப்பான் முந்தியது. என்.இ.சி., ஹிட்டாச்சி, தோஷிபா முதலிய நிறுவனங்கள் தொழிற்சாலைகளைப் பெருக்கின. 1980இல் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் நினைவகச் சில்லுகளைச் சோதித்தபோது, ஜப்பானியச் சில்லுகளில் பழுது மிகக் குறைவென்று தெரிந்தது. 1985இல் சில்லுகள் தேவைக்கு மேல் குவிந்து விலை சரிந்தது. நாய்ஸ் வளர்த்த இன்டெல்லே தன் முதற்பொருளான நினைவகச் சில்லைக் கைவிட்டது. எத்தனையோ பேர் வேலை இழந்தனர்.

அந்நிலையில் ஒன்றோடொன்று மோதி வந்த 14 அமெரிக்க நிறுவனங்கள், உற்பத்தி முறையைச் சேர்ந்து செம்மைப்படுத்த 1987இல் செமாடெக் என்னும் கூட்டமைப்பை நிறுவின. அரசு ஆண்டுதோறும் 10 கோடி டாலர் அளித்தது. ஆனால் தலைமை ஏற்க எளிதில் ஆள் கிடைக்கவில்லை. போட்டியாளரை நம்பி யார் தம் தொழில் இரகசியத்தைச் சொல்வார்? ஓய்வை அனுபவித்திருக்கக்கூடிய நாய்ஸ் 1988இல் அப்பொறுப்பை ஏற்று, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் குடியேறினார். முன்பு வழக்காடிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் அதில் ஓர் உறுப்பினர்! சில்லு செய்யும் இயந்திரங்களை உருவாக்குவோருக்கு உதவுவதிலேயே அவர் கருத்தைச் செலுத்தினார். நமக்கு இப்பணியே அவருடைய கண்டுபிடிப்பினும் பெரிதாகத் தோன்றுகிறது.

1990ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், நீந்திய பின் மாரடைப்பால் நாய்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. சில ஆண்டுகளில் உலகச் சில்லுச் சந்தையில் அமெரிக்கா மீண்டும் முதலிடம் பெற்றது. 2000இல் கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறைந்தவர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. கில்பி தம் நோபல் உரையில் நாய்ஸை மறவாமல் நினைவுகூர்ந்தார்.