வாக்கெடுப்பில் தோற்று, கருத்தொற்றுமையால் பிரதமரானவர்

புதுதில்லி: சுதந்திர இந்தியாவில் பிரதமரைத் தேர்ந்தெடுக்க ஆளுங்கட்சி எம்.பி.க்களிடையே முதன்முதலாக வாக்கெடுப்பு நடைபெற்றது 1966 ஜனவரி 19-ம் தேதி. அதில் இந்திரா காந்தி 355 வாக்குகளும், மொரார்ஜி தேசாய் 169 வாக்குகளும் பெற்றனர். போட்டியிலிருந்து ஒதுங்குமாறு கட்சித் தலைவர் காமராஜ் வலியுறுத்தியும் மொரார்ஜி இணங்கவில்லை.

குஜராத்தின் வல்சாட் அருகேயுள்ள பதேலி கிராமத்தில் 1896 பிப்ரவரி 29-ல் பிறந்தவர் மொரார்ஜி. துணை ஆட்சியராக 12 ஆண்டுகள் பணியாற்றியபின், 1930-ல் பதவியைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார்.

1952-ல் பம்பாய் மாநில முதல்வரானார். மும்பையைத் தலைநகராகக் கொண்ட மராத்தி மாநிலம் கோரி எழுந்த கிளர்ச்சியை அவரது அரசு கடுமையாக ஒடுக்கியது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் பலியாயினர். 1956-ல் அவர் மத்திய அமைச்சரவைக்குச் சென்றார். அவர் எதிர்த்த மகாராஷ்டிர மாநிலம், மும்பையைத் தலைநகராகக் கொண்டு 1960 மே 1-ல் உதயமாயிற்று.

மத்திய நிதியமைச்சராக இருந்த அவர், காமராஜ் திட்டத்தின்கீழ் 1963-ல் பதவி விலகினார். தம்மை வாரிசுப் போட்டியிலிருந்து அகற்றவே அத்திட்டம் வகுக்கப்பட்டதாக அவர் கருதினார். 1964-ல் நேரு மறைந்தபோது கருத்தொற்றுமை என்ற பெயரில் லால் பகதூர் சாஸ்திரி தேர்வானார். அந்த அனுபவமே 1966-ல் வாக்கெடுப்பை வலியுறுத்தச் செய்தது எனலாம்.

1967-ல் துணைப் பிரதமரானார். 1969 ஜூலையில் நிதித்துறை தம்மிடமிருந்து பறிக்கப்பட்டதும் விலகினார். அவ்வாண்டே காங்கிரஸ் பிளவுபட்டது.

குஜராத் சட்டப்பேரவை கலைக்கப்பட்டு ஓராண்டாகியும் தேர்தல் நடத்தப்படாததைக் கண்டித்து, 1975 ஏப்ரலில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். மத்திய அரசு பணிந்து, ஜூனில் தேர்தல் நடத்தியது. அதே மாதம் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. மொரார்ஜி சிறையில் அடைக்கப்பட்டார்.

1977 மார்ச் 24-ல், 81-வது வயதில், காங்கிரஸ் அல்லாத முதல் பிரதமராகப் பொறுப்பேற்றார். இம்முறை எம்.பி.க்களிடையே வாக்கெடுப்பு நடக்கவில்லை. மொரார்ஜி, ஜகஜீவன் ராம், சரண் சிங் ஆகியோரிடையே ஒருவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு ஜெயப்பிரகாஷ் நாராயணிடமும் கிருபளானியிடமும் விடப்பட்டது. தலைமைக்கான போட்டி வாக்குகளால் தீர்க்கப்படாமல் அமைச்சரவைக்குள்ளேயே தொடர்ந்தது.

ஒரு மாநிலத்தின் தேர்தல் உரிமைக்காக உண்ணாவிரதம் இருந்தவரின் அரசு, ஏப்ரல் இறுதியில் 9 மாநிலங்களின் சட்டப்பேரவைகளைக் கலைத்தது. மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் அங்கு படுதோல்வி அடைந்ததே காரணமாகக் கூறப்பட்டது. மாநிலங்கள் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே முன்னுதாரணத்தைப் பின்பற்றி 1980 பிப்ரவரியில் இந்திரா அரசு 9 மாநிலப் பேரவைகளைக் கலைத்தது. தமிழகத்தில் எம்.ஜி.ஆர். அரசும் பதவி இழந்தது.

எனினும், குடியரசுத் தலைவர் ஆட்சியை ஓராண்டுக்கு மேல் நீட்டிக்கக் கடும் நிபந்தனைகள் விதித்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம், மொரார்ஜி ஆட்சியில் 1978-ல் நிறைவேறியதே. உட்கட்சிப் பூசலால் 1979 ஜூலை 15-ல் அவர் ராஜிநாமா செய்தார்.

மாநில அரசுகளைக் கலைக்கும் அதிகாரத்துக்கு எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 மார்ச்சில் வரம்பு கட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1995 ஏப்ரல் 10-ல் மொரார்ஜி மும்பையில் காலமானார்.