பெஞ்சமின் பிராங்கிளினும் கணப்படுப்பும்

பெஞ்சமின் பிராங்கிளின் 1706-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். பத்து வயதோடு பள்ளிப்படிப்பு நின்றது. தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகிய அவர், 1723-ல் பிலடெல்பியாவை அடைந்து, அத்தொழிலாலேயே உயர்ந்தார்.

அந்நகரில் பனிக்காலத்துக் குளிர் கொடிது. அண்மைக் காடுகள் அழியவே விறகின் விலை ஏறிற்று. சுவரிலமைந்த திறந்த அடுப்புகளிலோ வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று. இதனைக் கண்ட பிராங்கிளின், 1742 அளவில், வார்ப்பிரும்புத் தகடுகளால் ஒரு கணப்படுப்பை அமைத்தார். குளிர்ந்த காற்று அதனுள் புகுந்து சூடேறி அறையிற் பரவுமாறு வகுத்தார். சிறிது விறகால் மிகுந்த வெப்பம் பெறுதலே அவர் நோக்கம். 1744-ல் அதன் அமைப்பை ஒரு சிறு நூலால் யாவர்க்கும் விளக்கினார்.

மாகாண கவர்னர் தனியுரிமை வழங்க முன்வந்தும் அவர் மறுத்தார். பிறர் கண்டவற்றால் நாம் பயனடைதல்போல, நாம் கண்டவற்றைப் பிறர்க்கு மகிழ்ந்தளித்தல் கடன் என்பது அவர் கொள்கை. இலண்டன் இரும்பு வணிகர் ஒருவர் சிறு மாறுதல்களோடு தனியுரிமை பெற்றுப் பொருளீட்டியபோதும் அவர் வழக்காடினாரல்லர்.

அவ்வடுப்பும் குற்றமற்றதன்று. புகையைக் கீழ்நோக்கிச் செலுத்திய அதன் வழி எளிதில் இழுக்கவில்லை. ஆயினும், தனியுரிமை என்னும் வேலி இன்மையால், டேவிட் ரிட்டன்ஹவுஸ் முதலியோர் அதனைத் தடையின்றித் திருத்தினர். 1790-ல் பிராங்கிளின் மறைந்தார். பிறர் கைபட்டுச் செம்மையுற்ற அடுப்புகளும் அவர் பெயராலேயே வழங்கின. அவர் துறந்தது பொருள்; அதனால் நிலைத்தது புகழ்.