வறுமையிலும் வாடாத நன்றி

விரும்பியது கிடைத்தபோது இறைவனுக்கு நன்றி கூறுவது எளிது. கையில் இருப்பதும் பறிபோகும் வேளையில் அதே நாவால் நன்றி கூற முடியுமா? முடியும் என்று வாழ்ந்து காட்டியவர் ஜெர்மனியின் மார்ட்டின் ரிங்கார்ட்.

1586-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, சாக்ஸனியிலுள்ள ஐலன்பர்க் நகரில், மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். லைப்சிக் நகரின் புனித தாமஸ் பள்ளியில் பயின்று, அங்குள்ள பாடகர் குழுவிலும் பாடினார். இறையியல் கற்றுத் தேர்ந்து, 1617-இல் சொந்த ஊரிலேயே லுத்தரன் திருச்சபையின் போதகராகப் பணியேற்றார். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது.

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த நகரம். ஆதலால், சுற்றுவட்டார மக்கள் அங்கு தஞ்சம் புகுந்தனர். ரிங்கார்ட்டின் வீட்டில் படைவீரர்கள் தங்கவைக்கப்பட்டனர். சேமித்து வைத்த தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் பலமுறை சூறையாடப்பட்டன. அந்த நாட்களில்தான் அவர் தம் பிள்ளைகள் உணவு வேளையில் பாடுவதற்கு ஒரு நன்றிப் பாடலை இயற்றினார். தாயின் மடியில் தவழ்ந்த நாள் முதல் தம்மைக் காத்து வரும் இறைவனை இதயமும் வாயும் கைகளும் ஒன்றுகூடிப் போற்ற வேண்டும் என்பதே அதன் கருத்து.

கைகளாலும் நன்றி செலுத்துவது எப்படி? 1637-ஆம் ஆண்டு அதனை உலகுக்குக் காட்டியது. கொள்ளைநோய் நகரைச் சூழ்ந்தது. போதகருள் ஒருவர் ஊரைவிட்டு அகன்றார். மற்றவர்கள் நோய்க்கு இரையாயினர். எஞ்சியவர் ரிங்கார்ட் ஒருவரே. நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பேருக்கு அவர் இறுதிச் சடங்கு செய்தார். மொத்தம் ஏறத்தாழ 4,480 பேர். அந்த ஆண்டு மே மாதத்தில் அவருடைய மனைவியும் மறைந்தார். எனினும் அவர் பணியினின்று விலகவில்லை.

நோயைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. பசித்தோர் அவரது வாசலில் திரண்டனர். தம்மிடம் இருந்ததை அவர்களுக்கு வழங்கிவிட்டு, தம் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் வரப்போகும் வருமானத்தை அடகு வைத்தார். 1639-இல் ஸ்வீடன் படைத்தலைவன் நகரத்தாரிடம் 30,000 தாலர் கப்பம் கேட்டபோது, அவரே சென்று மன்றாடினார். வேண்டுகோள் பலிக்கவில்லை. மனிதரிடம் கிடைக்காத இரக்கத்தை இறைவனிடம் நாடி, மக்களோடு முழந்தாளிட்டுப் பிரார்த்தித்தார். கண்ட தலைவனின் மனம் இளகியது. தொகை 2,000 ஃப்ளோரினாகக் குறைந்தது.

1648-இல் போர் ஓய்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 8 அன்று ரிங்கார்ட் இறைவனடி சேர்ந்தார். அவரது எளிய உணவு வேளைப் பாடலோ நிலைத்து நின்றது. யோஹான் க்ரூகரின் இசையோடு 1647-இல் வெளிவந்த அப்பாடலைப் பிற்காலத்தில் பாக், மெண்டல்சன் போன்ற இசைமேதைகளும் தம் படைப்புகளில் சேர்த்தனர்.

துயரம் இல்லாததால் பிறந்ததல்ல அவரது நன்றி. இழந்தவற்றைவிடத் தந்தவனை அவர் பெரிதாகக் கண்டார். அந்த நன்றியே பசித்தவருக்கு உணவாகவும், இறந்தவருக்குக் கடைசி மரியாதையாகவும் வெளிப்பட்டது. இதயத்தில் தோன்றி, நாவில் ஒலித்து, கைகளில் சேவையாக மலரும்போதே நன்றி நிறைவு பெறுகிறது.