ஸர் கே. எஸ். கிருஷ்ணன்: நம் ஆற்றங்கரை தந்த பௌதிக சாஸ்திரி

மேற்கு மலையினின்று வத்திராயிருப்புப் பக்கத்தில் இறங்கும் ஓடைகள் அர்ச்சுனா நதியாகத் திரண்டு, கிழக்கு நோக்கி ஓடி, நம் இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடுகின்றன. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையில் அம்மன் சந்நிதியை நாடி வருகிற பல்லாயிரம் ஜனங்களுள், அந்நீர் புறப்படும் இடத்தைப் பற்றி எண்ணுபவர் சிலரே. அவ்விடத்தில் பிறந்து, உலகத்துப் பண்டிதர் சபைகளில் நம் நாட்டின் பெயரை நிலைநிறுத்திய ஒரு பெரியாரை அறிந்தவர் அவரினும் சிலரே. அவரது ஜீவிய சரித்திரத்தை இம்மாத இதழில் நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் உறவின்முறைப் பத்திரிகையில் பிற குலத்தவர் ஒருவரின் சரித்திரம் வரலாமோ என்று சில பெரியோர் ஐயுறக் கூடும். கிருஷ்ணன் அவர்கள் அந்தணர் குடியிற் பிறந்தவர். அவர் பிறந்த மறு வருஷத்தில், அதாவது 1899-ல், சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தது. கோயில் வாயில்கள் நம் முன்னோர்க்கு அடைபட்டிருந்த காலம் அது. அதனை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் அதே காலத்தில் நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடங்களைக் கட்டியதும் எதற்காக? கல்விக்கு அடைத்த வாயில் இருத்தலாகாது என்பதற்காகவே அன்றோ? அறிவு எவர் வீட்டில் விளைந்தாலும் அதனைக் கொண்டாடுதல் அக்கொள்கையை உடையார்க்கு இயல்பாகும். ஆகவே இக்கட்டுரைக்குச் சமாதானம் வேறு கூற வேண்டுவதில்லை.

1857-ம் வருஷத்தில் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் பெருமை அதன் கட்டடங்களில் இல்லை. அதனிடம் பயின்ற மாணாக்கரிடத்தே உள்ளது. அங்கே முதன்முதல் பி. ஏ. பட்டம் பெற்ற இருவருள் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். முத்துலட்சுமி அம்மையார் 1912-ல் வைத்தியப் பட்டம் பெற்று, பெண்களின் துயர் துடைக்க வாழ்நாளைச் செலவிட்டார். இராதாகிருஷ்ணன் தத்துவ சாஸ்திரத்தால் உயர்ந்து 1962-ல் பாரதத்தின் குடியரசுத் தலைவரானார். சந்திரசேகர வேங்கட இராமன் ஒளியை ஆராய்ந்தார். அவர் தமையனாரின் புதல்வர் சந்திரசேகர் விண்மீன்களை ஆராய்ந்தார். இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கல்லூரித் தேர்வில் தவறிய இராமானுஜனுக்கும், அவரது கணித மேதையை உணர்ந்து, மாதம் 75 ரூபாய் வீதம் 1913-ல் உதவிச் சம்பளம் அளித்தது இச்சர்வகலாசாலையே. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க கிருஷ்ணன், ஆற்றிய பணியின் அளவுக்குப் பெயர் பரவாதவர். அதனாலேயே அவரை நாம் தேர்ந்துகொண்டோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-ம் வருஷம் டிசம்பர் மாதம் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தந்தையார் நிலத்தை உழுவித்து வாழ்ந்தவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். வயலும் ஏடும் ஒருங்கே இருந்த அவ்வீட்டில் வளர்ந்தமையால், பிற்காலத்தில் இங்கிலீஷில் எத்துணைப் பெயர் பெற்றும் தாய்மொழிப் பற்று அவரை விட்டு நீங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து ஹைஸ்கூலிற் படித்து, மதுரை அமெரிக்கன் காலேஜில் சேர்ந்து, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்குச் சென்றார். அக்கலாசாலை அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பட்டம் பெற்றதும் அங்கேயே இரசாயனப் பகுதியில் செய்முறை காட்டும் சிறு உத்தியோகம் கிடைத்தது. ஓய்ந்திருக்க வேண்டிய மத்தியான உணவு வேளையில் அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய எதிலும் எந்த மாணாக்கனும் தன் ஐயத்தை வந்து கேட்கலாம் என்பதே அது. நாளடைவில் வேறு கலாசாலை மாணாக்கரும் அங்கே திரண்டனர். இதற்கென அவர்க்குச் சம்பளம் இல்லை, கட்டளையிட்டவரும் இல்லை. தாம் கற்றதைப் பிறர்க்கு வழங்காமல் இருத்தல் அவர்க்கு இயலாததாயிற்று.

அடங்காத ஆராய்ச்சி வேட்கை அவரைக் கல்கத்தாவுக்கு இழுத்தது. அங்கே பௌபஜார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876-ல் நிறுவிய விஞ்ஞான சங்கத்தில், இராமன் அவர்கள் இளைஞர் கூட்டம் ஒன்றை வைத்து ஒளியின் இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருஷ்ணன் அக்கூட்டத்திற் சேர்ந்தார். அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களைத் தூசு ஒன்றும் இல்லாதபடி வடித்துத் தூய்மை செய்து, ஒளி அவற்றுள் எவ்வாறு சிதறுகிறது என்று பார்த்தார். ஒரு திரவத்தை வடித்துச் சுத்தி செய்வதே எத்துணைப் பொறுமை வேண்டும் வேலை என்பதை மருந்துக் கலவையோடு பழகும் நம்மவர்கள் நன்கு அறிவர்.

1928-ம் வருஷம் பிப்ரவரி மாதத்து நிகழ்ச்சிகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். கணக்குப் போட்டுக் கொள்கை ஆராய்வதிலேயே மூழ்கியிருந்த அவரை, செய்முறைக்குத் திரும்பும்படி இராமன் அந்த மாதத் தொடக்கத்தில் தூண்டினார். சூரிய ஒளியை ஒரு வடிகட்டி வழியாகச் செலுத்தி, நீலமும் ஊதாவும் மட்டும் திரவத்தினுட் புகும்படி செய்தனர். அந்நிறங்களை முற்றிலும் தடுக்கும் வேறொரு வடிகட்டியைக் கண்ணெதிரே பிடித்தனர். இனி இருளே தோன்ற வேண்டும். ஆயினும் மங்கலான ஓர் ஒளி புலப்பட்டது. உட்புகுந்த ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளிவந்துவிட்டது என்பது இதன் பொருள். ஒளி மோதும்போது திரவத்தின் அணுத்திரள் அதன் வலிமையில் ஒரு பகுதியைத் தான் எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பி விடுகிறது. எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆதலால் மாறிய நிறத்தைக் கொண்டே பொருள் இன்னதென்று கண்டுகொள்ளலாம்.

பிப்ரவரி 7-ந் தேதி இரவு ஒன்பது மணியளவில், உணவு முடித்திருந்த கிருஷ்ணனை நாடி இராமனே அவர் தங்கியிருந்த வீட்டு வாயிலில் வந்து அழைத்தார். காலையில் கண்டது எத்துணைப் பெரிய விஷயம் என்பது அதற்குள் ஆசிரியர்க்கு விளங்கிவிட்டது. பொழுது விடியும்வரை அவர்க்குப் பொறுக்கவில்லை. குருவே சிஷ்யனைத் தேடி வந்த அவ்விரவை நினைக்குந்தோறும் நமக்கு மெய் சிலிர்க்கின்றது. பிப்ரவரி 28-ந் தேதி நிறமானியைக் கொண்டு விஷயம் உறுதிப்பட்டது. 1987 முதல் நம் தேசத்தில் விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுவது அந்நாளே. மார்ச்சு 31-ந் தேதி ‘நேச்சர்’ என்னும் இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளிவந்த அறிக்கையில், இராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயரும் காணப்பட்டன.

1930-ல் நோபல் பரிசு இராமனுக்குத் தனியே அளிக்கப்பட்டது. கண்டுபிடிப்பும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வழியை வகுத்தவரும், பல்லாண்டு கூட்டத்தை நடத்தியவரும் அவரே யாதலின், அப்புகழ் அவர்க்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூடவே கண்விழித்த ஒருவரின் பெயர் நாளடைவில் பள்ளிப் பாடத்தினின்றும் மறைந்து போனது நமக்கு வருத்தமே. இதன்பொருட்டுக் கிருஷ்ணன் வழக்காடித் திரியவில்லை; ஆசிரியரைத் தூற்றிப் பெயர் தேடவில்லை. அவர் செய்தது வேறொன்று. அடுத்த வேலையைத் தொடங்கினார்.

1928 இறுதியில் டாக்காச் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே சத்தியேந்திரநாத போஸ் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். கிருஷ்ணன் அங்கே படிகங்களின் காந்த குணத்தை ஆராயலானார். மெல்லிய இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தத்தின் இடையே நிறுத்தி, இழையை மெல்லத் திருகிக்கொண்டே போனால், ஓர் எல்லையில் படிகம் திடீரெனத் திரும்பிக்கொள்ளும். அவ்வெல்லையை அளந்து, கண்ணுக்குப் புலனாகாத அணுத்திரள்கள் படிகத்தினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அவர் சொல்லிவிட்டார். அதிகச் செலவில்லாத கருவி, அளவற்ற நுட்பம். 1933-ல் கல்கத்தா சங்கத்திற்கே பேராசிரியராகத் திரும்பினார். 1937-ல் ரூதர்போர்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் முதலிய இடங்களில் சொற்பொழிவாற்றினார். 1940-ல் இலண்டன் ராயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக்கியது. 1942-ல் அலகாபாத்துச் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியரானார். 1946-ல் ஸர் பட்டம் வந்தது.

தேசம் விடுதலை பெறும் தறுவாயில், டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு 1947 ஜனவரி 4-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதன் முதல் தலைவராகக் கிருஷ்ணன் பொறுப்பேற்றார். 1950 ஜனவரி 21-ந் தேதி வல்லபபாய் பட்டேல் அதனைத் திறந்து வைத்தார். மீட்டர் எவ்வளவு, கிலோகிராம் எவ்வளவு என்பதற்கு இத்தேசத்தில் மூல அளவுகளைக் காப்பது அந்நிலையமே. நம் கடைகளில் தராசுத் தட்டில் வைக்கும் படிக்கல்லுக்கு முடிவான சாட்சி அங்கேதான் இருக்கிறது. வாக்களிக்கும்போது நம் விரலில் இடும் அழியாத மையும் அவ்வாய்வுக்கூடத்தில் உருவானதே. 1948-ல் அமைந்த அணுசக்திக் குழுவில் ஹோமி பாபாவோடும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரோடும் அவர் அங்கம் வகித்தார். 1949-ல் இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். 1954-ல் பத்மபூஷண் விருதும், 1958-ல் பட்நாகர் பரிசும் பெற்றார்; அப்பரிசை முதன்முதல் பெற்றவர் அவரே.

நிருவாகப் பொறுப்பு ஏற்றவர் பலர் ஆராய்ச்சியைக் கைவிடுதல் உலக வழக்கம். கிருஷ்ணன் அங்ஙனம் விடவில்லை. வெற்றிடத்தில் மின்சாரத்தாற் சூடேறும் மெல்லிய கம்பியில் வெப்பம் எவ்வாறு பரவியிருக்கும் என்பதைத் தலைமைப் பதவியில் இருந்தபடியே ஆராய்ந்து எழுதினார். தமிழில் விஞ்ஞானம் பேசுவதைக் குறைவாக எண்ணவில்லை. 1961-ம் வருஷம் ஜூன் மாதத்தில் டில்லியிலேயே காலமானார். அவ்வாய்வுக்கூடம் நிற்கும் வீதி இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கது யாது? நம் பக்கத்து மக்கள் ஒளியையும் நிறத்தையும் விற்று வாழ்பவர்கள். ஸ்டிரான்சிய உப்பு சிவப்பைத் தரும், செம்பு உப்பு நீலத்தைத் தரும் என்பது நம் மருந்து அறையில் வேலை செய்பவர்க்குக் கைப்பழக்கமாகத் தெரியும். ஏன் தரும் என்று கேட்டால் விடை சொல்வார் அரியர். குளோரேட்டும் கந்தகமும் கூடினால் சிறு உராய்விலும் தீப்பற்றும் என்பதை ஏட்டிற் கற்றவர் ஒருவர் அவ்வறையில் இருந்திருப்பின், எத்தனை தாய்மார் இன்று பிள்ளையை இழந்து அழாதிருப்பர்! ஒவ்வொரு விபத்தின்பின்னும் உறவின்முறையில் நிதி திரட்டுகின்றோம். இறந்தார் வீட்டுக்கு அரிசியும் பணமும் அனுப்புகின்றோம். அது செய்யத்தக்கதே. ஆனால் அதனினும் முன்னே செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தாள்குழாய் சுற்றும் பெண் குழந்தை கணிதத்தில் முதலாக வந்தாளென்று தெரிந்தால், அவளைப் பட்டத்தோடு நிறுத்தாமல் ஆராய்ச்சி வரையிலும் படிக்கவைக்க நம் மகமையில் ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும்.

பட்டம் என்பது கலியாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னே போட்டுக்கொள்வதற்காக ஏற்பட்டதன்று. கிருஷ்ணன் பெற்ற முதற் பட்டம் அவர்க்குக் கொடுத்தது ஒரு சிறு உத்தியோகமே. மற்றவை யாவும் உணவு வேளையில் உழைத்தும், இரவில் விழித்தும், பெயர் வந்தாலும் வாராவிட்டாலும் அடுத்த வேலையைத் தொடங்கியும் அவர் தாமே ஈட்டியவை. நம் பிள்ளைகளுக்கு இதனை இவ்விதழைப் படித்துச் சொல்லுமாறு தாய்தந்தையரை வேண்டுகின்றோம்.

வத்திராயிருப்பு மலையில் பெய்த மழை நம் ஊர் ஆற்றுக்கு வந்து சேர்கிறது. அங்கே பிறந்த அறிவும் நம் வீடுகளுக்கு வந்து சேர இருக்கன்குடி மாரியம்மன் அருள்புரிவாளாக.