கிளார்க்கின் உத்தரகாண்டங்கள்

கம்பர் தம் இராமகாதையை முடிசூட்டு விழாவோடு நிறைவு செய்தார். அதன் பின்னர் நிகழ்ந்தது யாது என்று கேட்டோர் இருந்தமையால் உத்தரகாண்டம் ஒன்று தமிழில் எழுந்தது. அதனை இயற்றியவர் ஒட்டக்கூத்தர் என்பது வழிவழி வந்த செய்தி. எங்கள் கீழைத்தேயக் கல்லூரியில் இதனை நான் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். இராமா என்னும் பெயருடைய விண்கலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கதை உண்டென்றும், அதற்கும் இவ்வாறே பிற்காண்டங்கள் தோன்றின என்றும், அவற்றை எழுதியவர் யார் என்பதில் இன்றும் வழக்குண்டு என்றும் கூறினான். வகுப்பிலிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கதையை நானும் படித்திருந்தேன். இளமையில், வெல்லாவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில், விஞ்ஞான ஆசிரியரான அயலவர் ஒருவர் கொடுத்துதவ, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதனைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாதம் சென்றது. அதன் ஆசிரியர் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நம் இலங்கையில் வாழ்ந்து இங்கேயே மறைந்தவர். ஆதர் சி. கிளார்க் என்னும் அப்பேரறிஞரின் வரலாற்றை அம்மாணவனுக்கு அன்று முழுமையாகச் சொல்ல நேரம் போதவில்லை. ஆகலின் இங்கு எழுதுகிறேன்.

கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். வேளாண்மைக் குடும்பம். 13 வயதில் தந்தையை இழந்தார். தாயார் பண்ணையை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மலிவுப் பதிப்பு விஞ்ஞானக் கதை இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்தது அச்சிறுவனின் பெருவிருப்பாக இருந்தது. அவ்விதழ்களில் ஒரு கதை தொடரும் என்று நின்றுவிட்டால் அடுத்த இதழ் வரும்வரை அதனைத் தன் மனத்துள் தானே எழுதிப் பார்க்கும் வாசகர் கூட்டம் அந்நாளிலேயே உண்டு. கிளார்க் அக்கூட்டத்திலிருந்து எழுந்தவர். இதனை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் வருவது எளிதில் விளங்கும்.

1936இல் இலண்டன் சென்று அரசாங்கக் கணக்காய்வு அலுவலகத்தில் எழுதுவினைஞரானார். போர்க்காலத்தில் விமானப்படையிற் சேர்ந்து, முகிலுக்குள் வழி தெரியாது வரும் விமானங்களை ராடார் கொண்டு தரையிறக்கும் கருவியொன்றில் பணிபுரிந்தார். 1945 ஒக்டோபரில் வானொலிப் பொறியியல் இதழொன்றில் அவர் எழுதிய கட்டுரைதான் அவர் பெயரை நிலைநாட்டிற்று. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால் அது பூமியோடு ஒரே வேகத்தில் சுழலும். பார்ப்பவர்க்கு அசையாது நிற்பதுபோல் இருக்கும். மூன்று செய்மதிகள் இருப்பின் உலகு முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்பது அக்கட்டுரையின் பொருள். இன்று எங்கள் ஊரில் ஓட்டுக் கூரைகளின் மேல் நிற்கும் டிஷ் அன்டனாக்கள் யாவும் அவர் சொன்ன அந்த வட்டத்தை நோக்கியே முகம் திருப்பி நிற்கின்றன. ஆயினும் அவர் கணிப்பு முழுதும் சரியன்று. அந்நிலையங்களில் மனிதர் குடியிருப்பர் என்று அவர் எண்ணினார். வானொலி வால்வுகள் பழுதுற்றால் மாற்றுவதற்கு ஆள் வேண்டுமல்லவா! கூறுவதைத் துணிந்து கூறுவதும், பிழைத்தபோது நாணாது திருத்துவதும் அவர்க்கு இறுதிவரை இயல்பாயிருந்தன.

போருக்குப் பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயின்று முதல்வகுப்பிற் தேறினார். எழுத்தே தொழிலாயிற்று. கடலடியிற் சுழியோடும் ஆசை அவரை 1954இல் அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளுக்கு இட்டுச் சென்றது. செல்லும் வழியிற் கப்பல் கொழும்பில் நின்றது. அந்தச் சிறுபொழுதுப் பழக்கம் 1956இல் அவரை இங்கே குடியேறச் செய்தது. அவ்வாண்டிலேயே நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையில், கோணேசர் கோயில் நிற்கும் பாறையின் அடியிற் சுழியோடினார். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த பழங்கோயிலின் செதுக்கிய தூண்களும் கற்களும் அங்கே கடலுட் கிடந்தன. அதனை 1957இல் அவர் நூலாக எழுதினார். எதிர்காலத்தையே எழுதிப் புகழ்பெற்ற ஒருவர் நம் நாட்டிற் செய்த முதற் பெருஞ்செயல் பழங்காலத்தின் கற்களைக் கண்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும்.

இனி, பிற்காண்டங்களின் கதைக்கு வருவோம்.

1948இல் கிளார்க் ஒரு சிறுகதையைப் பி.பி.சி. நடத்திய போட்டிக்கு அனுப்பினார், பரிசு கிடைக்கவில்லை. சந்திரனில் வேற்றுலகத்தார் வைத்துச் சென்ற காவற்பொருள் ஒன்றை மனிதர் காண்பது அதன் பொருள். 1964இல் திரைப்பட இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக் அவரை அழைத்தபோது இச்சிறுகதையே வித்தாயிற்று. 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. நாவலில் விண்கலம் சனியை நோக்கிச் செல்கிறது. படத்திலோ சனியின் வளையங்களை நம்பத்தக்கவாறு காட்டுதல் அரிதாகவே வியாழனோடு நின்றுவிட்டது. இறுதியில் வீரன் ஒருவன் விண்மீன் குழந்தையாகிப் பூமியை நோக்குகிறான். அடுத்து அவன் செய்யப்போவது யாது? படமும் சொல்லவில்லை, நூலும் சொல்லவில்லை.

வாசகர் விட்டாரில்லை. பதினான்கு ஆண்டுகள் உலகெங்கும் ஊகங்கள் வளர்ந்தன. அக்கதையில் வரும் ஹால் என்னும் கணினி ஏன் தன் தோழரைக் கொன்றது என்பது ஒரு பெரும் வினா. அப்பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கும் நெடுங்கணக்கில் அடுத்து நிற்கும் எழுத்துகளை எடுத்தால் ஐ.பி.எம். என்னும் கணினி நிறுவனத்தின் பெயர் வருகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். அது ஆசிரியர் வைத்த மறைபொருளே என்று பலரும் சாதித்தனர். நம் உரையாசிரியர் சிலரும் இவ்வகையிற் சளைத்தவரல்லர். கிளார்க் அதனை வெளிப்படையாக மறுத்தார். மறுத்தும் அவ்வூகம் இறக்கவில்லை.

1982இல் '2010' வந்தது. கணினி கொலை செய்த காரணம் அதிலே தெளிவாகிறது. உண்மையை மறைக்குமாறு மேலிடத்தார் அதற்குக் கட்டளையிட்டிருந்தனர். பொய்யறியாப் பிறவியாகிய அது அந்த முரண்பாட்டில் மதிமயங்கிற்று. அக்கணினியை மீண்டும் எழுப்பி, அதனிடம் இறுதியில் உண்மையைச் சொல்பவர் டாக்டர் சந்திரா. அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று கிளார்க் எழுதியிருப்பதை அன்று படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்றுநேரம் சிரித்தேன். இலங்கையில் வாழாத ஒருவர்க்கு அப்பெயர் வாய்த்திருக்குமா?

இந்நூலில் அவர் செய்த ஒரு துணிவை இலக்கியம் கற்போர் நோக்குதல் வேண்டும். முன்னூலிற் சனிக்குச் சென்ற கலத்தை இந்நூலில் வியாழனுக்குச் சென்றதாகவே கொண்டார். அதாவது தம் நாவலை விடுத்துத் திரைப்படத்தைப் பின்பற்றினார். 1979இல் வொயேஜர் கலங்கள் வியாழனையும் அதன் துணைக்கோள்களையும் அருகிற் படம்பிடித்து அனுப்பியிருந்தமையால் புதிய செய்திகளை விடவும் அவர்க்கு மனமில்லை. இந்நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேரே தொடர்வன அல்ல, ஒரே பொருளின் வேறுபாடுகள் என்று முன்னுரைகளில் விளக்கினார். வாசகர் பலர் இதனைக் குறையாகக் கண்டனர். நான் அவ்வாறு கருதவில்லை. சாத்தனார் கோவலன் மகளின் கதையைத் தம் கொள்கைக்கேற்பவே நடத்தினார். இளங்கோவடிகளின் கணக்குப் பிள்ளையாக அவர் எழுதவில்லை.

'2010' நூலின் முடிவில் வியாழன் ஒரு சிறு சூரியனாகிறது. யூரோப்பா என்னும் துணைக்கோளில் மட்டும் இறங்கலாகாது என்று மனிதருக்கு எச்சரிக்கை வருகிறது. இறங்காதே என்றால் அங்கே இருப்பது யாது என்று கேளாத வாசகன் உண்டோ! கலிலியோ கலம் வியாழனிலிருந்து செய்தி அனுப்பும்வரை பொறுத்திருக்கவே கிளார்க் எண்ணினார். 1986இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்தமையால் அக்கலத்தின் பயணம் தள்ளிப்போயிற்று. அதே ஆண்டில் வந்த ஹாலியின் வால்வெள்ளியைப் பற்றிக்கொண்டு, அது மீண்டும் வரும் ஆண்டாகிய 2061ஐத் தலைப்பாக்கி மூன்றாம் நூலை 1987இல் வெளியிட்டார். நான்காவதும் இறுதியுமான '3001' 1997இல் வந்தது. இதனை நான் விரும்பவில்லை. முப்பதாண்டுகள் உலகை அச்சுறுத்திய கருங்கல்லைக் கணினிக் கிருமி கொண்டு வீழ்த்தியது பெருங்கதைக்குச் சிறுமுடிவு.

இராமாவின் கதை வேறு. 1973இல் வந்த அந்நாவலில் ஐம்பது கிலோமீற்றர் நீளமுள்ள உருளைக்கலம் ஒன்று சூரிய மண்டலத்துள் நுழைகிறது. வானியலார் கிரேக்க, உரோமத் தெய்வப் பெயர்களைக் கையாண்டு தீர்த்துவிட்டமையால் நம்மவர் தெய்வப் பெயர்களுக்கு வந்து அதற்கு இராமா என்று பெயரிடுகின்றனர். மனிதர் உள்ளே சென்று வியந்து திரும்புகின்றனர். கலமோ மனிதரை ஏறிட்டும் நோக்காமற் சூரியனிடம் ஆற்றல் பெற்றுக்கொண்டு தன் வழியே போய்விடுகிறது. கதையின் கடைசி வாக்கியத்தில், அக்கலத்தைச் செய்தோர் எதனையும் மும்மூன்றாகவே செய்வர் என்னும் குறிப்பு மட்டும் தோன்றுகிறது. இறுதித் திருத்தத்தில் எண்ணாமற் சேர்த்த வாக்கியம் அஃது என்றும், தொடர்ச்சி எழுதும் நோக்கம் தமக்கு இருக்கவில்லை என்றும் கிளார்க் பின்னர்த் தெரிவித்தார். வாசகரோ அதனை வாக்குறுதியாகவே கொண்டனர். ஒரு வாக்கியம் ஆசிரியர் கையைவிட்டுப் போனபின் அவர்க்குச் சொந்தமன்று.

பதினாறு ஆண்டுகள் கழித்து, ஜென்ரி லீ என்னும் அமெரிக்க விண்வெளிப் பொறியியலாளருடன் இணைந்து 1989, 1991, 1993ஆம் ஆண்டுகளில் மூன்று பிற்காண்டங்கள் வெளிவந்தன. எழுத்து வேலை பெரும்பாலும் லீயினுடையது. அவற்றில் மனிதர் தம்முட் பொருதுகின்றனர், அரசியல் செய்கின்றனர், இராமாவும் மனிதரைத் திரட்டி ஆராயவே வந்ததாக ஆகிவிடுகிறது. நம்மைப் பொருட்படுத்தாமற் சென்றதுதான் அக்கலத்தின் பெருமை. அப்பெருமையைப் பின்னூல்கள் போக்கின. உத்தரகாண்டத்தைப் படித்தபின் முடிசூட்டுப் படலத்தின் மகிழ்ச்சி பழையபடி இருப்பதில்லை. அதே வருத்தம் எனக்கு இங்கும் உண்டாயிற்று. ஆனால் பின்கதை கேட்ட வாசகரைக் குறைகூற என்னால் இயலாது. எங்கள் மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகி கோயில்களில் வைகாசிதோறும் குளிர்த்திச் சடங்கு நிகழ்கிறது. மதுரையை எரித்தவளின் சினம் தணிந்ததோ இல்லையோ என்று கேட்ட மக்கள், தணியும்வரை கதையை விடமாட்டோம் என்று ஆண்டுதோறும் தாமே தொடர்கின்றனர். அதுவும் ஒரு பின்கதையே.

கிளார்க்கின் பிற்கால வாழ்வை விரைந்து கூறலாம். 1962இல் உடலைத் தாக்கிய முடக்கம் பின்னாளில் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அவருடைய கொழும்பு இல்லத்தில் செய்மதி வாங்கியொன்றை நிறுவினர். முப்பதாண்டுகளுக்கு முன் தாம் எழுதிய கருத்தை அவர் தம் வீட்டிலிருந்தே கண்டார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக விளங்கினார். சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் அடியொற்றி, விண்ணுக்கு மின்தூக்கி அமைக்கும் நாவலை 1979இல் எழுதினார். அதற்காக இலங்கையை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்தார். 2004 ஆழிப்பேரலையில் ஹிக்கடுவையிலிருந்த அவரது சுழியோடு நிலையம் அழிந்தது.

2007 டிசம்பரில் தம் தொண்ணூறாவது பிறந்தநாளில் அவர் மூன்று விருப்பங்களைக் கூறினார். வேற்றுலக உயிரின் சான்று கிடைக்க வேண்டும். எண்ணெயை விடுத்துத் தூய ஆற்றலுக்கு உலகம் மாற வேண்டும். இலங்கையில் நிலையான அமைதி வர வேண்டும். அவ்வாண்டின் முற்பகுதியிலேதான் படுவான்கரை மக்கள் போருக்கு அஞ்சி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடினர். நாங்களும் ஓடினோம். திரும்பி வந்தபோது என் நூல்களிற் பெரும்பகுதி கறையானுக்கு இரையாகியிருந்தது. கிளார்க்கின் நூல்களும் அவற்றுள் அடங்கும். 2008 மார்ச் 19ஆம் நாள் அவர் கொழும்பிற் காலமானார். எச்சமயச் சடங்கும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தபடியே பொரளை மயானத்தில் அடக்கம் நிகழ்ந்தது. போர் ஓய்ந்தது மறு ஆண்டு மே மாதத்தில்.

இராமாவின் கதை படமாகப்போவதாக 2021இல் அறிவிப்பு வந்ததிலிருந்து வாசகரின் ஊகங்கள் மீண்டும் தளிர்த்துள்ளன. என் மாணவனின் ஆர்வமும் அதனால் வந்ததே. ஆயினும் நான் அவனுக்குக் கொடுத்தது வேறொரு நூல். பிரெடரிக் போல் என்பவருடன் சேர்ந்து கிளார்க் எழுதிய 'இறுதித் தேற்றம்' என்னும் அந்நாவலின் கையெழுத்துப் படியை, இறப்பதற்குச் சில நாள் முன்னரே அவர் பார்த்து முடித்தார். சில மாதங்களில் அது அச்சேறியது. அதன் தலைவன் ரஞ்சித் சுப்பிரமணியம் என்னும் தமிழ் இளைஞன், கணிதத்தில் வல்லவன், திருக்கோணேசுவரத் தலைமைக் குருவின் மகன். கடலடியிற் கற்களைக் கண்ட அந்தப் பாறைக்கே ஐம்பதாண்டுகளுக்குப் பின் கிளார்க் தம் கடைசிக் கதையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இதற்குத் தொடர்ச்சி உண்டா என்று மாணவன் கேட்டான். இல்லை என்றேன். நூலை வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரவில்லை.