வீடுகளுக்குள் ஆள் இல்லாத யுத்தம்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஆளுக்கொரு அதிமனிதனாகத் தங்களைப் பாவித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டொன்று உண்டு. தாளும் பென்சிலும் போதும். இந்த வகையில் ஆரம்பத்தில் வந்தவற்றுள் ஒன்று, 1977 இல் அமெரிக்காவில் டொனால்ட் சாக்ஸ்மன் உருவாக்கிய 'சூப்பர்ஹீரோ: 2044'. பசுபிக்கில் ஒரு கற்பனைத் தீவுதான் அதன் களம். 1981 இல் வந்த 'சாம்பியன்ஸ்' விளையாட்டில், நாயகனுக்குப் பலவீனங்களைச் சேர்த்தால் மேலதிகப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு சக்தி வாங்கலாம். எனக்குப் பிடித்த விதி அது. இவற்றுக்கெல்லாம் வழி திறந்தது 1974 இன் 'டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. அதுவோ பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் யுத்த விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. அந்த வரலாற்றைத் தேடிப் பின்னோக்கிப் போனபோது, நான் எதிர்பாராத ஒருவரிடம் போய் நின்றேன்: ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ்.

1866 இல் இங்கிலாந்தின் புரோம்லியில், வருமானமில்லாத ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோதுதான் புத்தகங்கள் பழக்கமாகின. பிறகு புடைவைக் கடையில் வேலை பழக விட்டார்கள், அதை வெறுத்தார். உதவித்தொகை பெற்று இலண்டனில் விஞ்ஞானம் படித்தார். 1895 இல் 'கால இயந்திரம்', 1897 இல் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்', 1898 இல் 'உலகங்களின் யுத்தம்' என்று நாவல்கள் வந்தன. உருவம் மறைந்து திரியும் நாயகர்களை நம்மவர்கள் சித்திரக்கதைகளில் இரசிப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அந்தச் சக்தி ஒருவனை எப்படிக் கெடுக்கும் என்று எழுதிவிட்டவர் அவர்.

இரண்டு ஆண் பிள்ளைகளின் தகப்பன். அவர்களோடு தரையில் பலகைத் துண்டுகளால் ஊர்கள் கட்டி விளையாடியதை 1911 இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அதில் ஒரு குறை சொல்கிறார்: பொம்மைக் கடைகளில் சிப்பாய்கள்தான் கிடைக்கிறார்கள், சாதாரண சனங்களை யாரும் செய்து விற்பதில்லை. அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

1913 இல் வந்த 'சிறிய யுத்தங்கள்' நூலில் விளையாட்டு முழு விதிகளோடு இருக்கிறது. ஈயச் சிப்பாய்கள், சிறு மரக்கட்டையைச் சுடும் ஸ்பிரிங் பீரங்கி. காலாட்படை ஒரு முறைக்கு ஓரடி நகரலாம், குதிரைப்படை இரண்டடி. வீடுகளுக்கும் ஒரு விதி உண்டு. அவற்றை உள்ளே வெறுமையாகக் கட்டக்கூடாது, கட்டைகளால் நிறைத்துத் திண்மமாகக் கட்டவேண்டும். உள்ளே ஆள் நிறுத்தினால் ஆட்டம் குழம்பிவிடும். விளையாட்டுக்கு அது நியாயமான ஏற்பாடு. செல்லடிக்கு வீட்டுக்குள்ளும் பங்கருக்குள்ளும் இருந்தவர்களுக்கு அந்த விதி எப்படித் தெரியும் என்பது வேறு கதை.

நான் இருக்கும் கலேவெல, குருநாகல் – தம்புள்ளை வீதியில் உள்ள ஊர். சண்டை நடந்த இடமல்ல. 2008 இல் இராணுவ வாகனத் தொடர்கள் இவ்வழியால் போகும்போது சின்னப் பிள்ளைகள் நின்று எண்ணுவார்கள். கூட எண்ணியவன் வெல்வான். தூரத்திலிருந்து பார்த்தால் யுத்தம் அப்படித்தான் இருக்கும். வெல்ஸுக்கும் அந்தத் தூரம் இருந்தது. ஆனால் நூலின் முடிவில் அவரே, உண்மை யுத்தம் இந்த விளையாட்டைவிட மிக மடைமையானது, சண்டை பிடிக்க விரும்பும் தலைவர்களை ஓர் அறைக்குள் பொம்மைகளோடு பூட்டிவிடலாம் என்ற கருத்துப்பட எழுதினார்.

அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தம் வெடித்தது. பொம்மைப் போரே போதும் என்றவர் உண்மைப் போரை ஆதரித்து எழுதினார். யுத்தங்களுக்கே முடிவு கட்டும் யுத்தம் இது என்று நம்பினார், பிறரையும் நம்ப வைத்தார். 1918 இல் ஜேர்மனிக்கு எதிரான பிரசார வேலையிலும் சில காலம் இருந்தார். இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. நீதியான இறுதி யுத்தம் என்ற பேச்சை நாமும் கேட்டவர்கள்.

அந்த நம்பிக்கை பொய்த்தது. 1933 இல் அவருடைய நூல்களை நாஜிகள் எரித்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது அவருக்கு வயது 72. யுத்தம் எதற்காக என்று முதலில் சொல்லுங்கள் எனப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, மனித உரிமைகளின் பட்டியல் ஒன்றை விவாதத்துக்கு வைத்தார். 1940 இல் அது பிரகடனமாக வந்தது. குற்றச்சாட்டு இல்லாமல் ஒருவரை நீண்டநாள் தடுத்து வைக்கக்கூடாது, சித்திரவதை கூடாது, ஒருவரைப் பற்றி அரசு வைத்திருக்கும் இரகசியக் கோப்பை அவர் பார்க்க வழியிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வாழும் நமக்கு, இவை பழைய கோரிக்கைகளாகத் தெரியவில்லை.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஒரு வருடம் கழித்து, 1946 ஓகஸ்ட் 13 அன்று இலண்டனில் இறந்தார். அணுகுண்டு என்ற சொல்லை 1914 இலேயே ஒரு நாவலில் எழுதியவர். அவர் தூண்டிய விவாதமும் சேர்ந்து வழியமைத்த உலக மனித உரிமைப் பிரகடனம், 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறியது. அவருடைய சாம்பலைப் பிள்ளைகள் அதற்கு முன்பே கடலில் தூவிவிட்டிருந்தார்கள்.